வாக்கிய மரம் வரைதல்: அச்சுக்கோப்புக் கட்டளையால் ஓர் இலக்கணப் பயிற்சி

நம் வகுப்பறைகளில் இலக்கணம் பெரும்பாலும் எழுத்திலே தொடங்கிச் சொல்லிலே முடிந்துவிடுகின்றது. குற்றியலுகரம் எத்தனை வகைப்படும் என்று வினவினால் மாணவன் தயங்காது விடை பகர்வான். வேற்றுமையுருபுகளை வரிசை தவறாது ஒப்புவிப்பான். ஆயின் சற்று நீண்ட வாக்கியமொன்றைக் கொடுத்து, இதன்கண் எச்சொல் எச்சொல்லைத் தழுவி நிற்கின்றது என்று கேட்டால் விழிப்பான். க.பொ.த. சாதாரண தர வகுப்பிற்குத் தமிழ் கற்பிப்போர் அனைவருக்கும் இஃது அன்றாட அநுபவம். சொற்கள் தொடரும் முறையைக் கண்ணாற் காணச் செய்யுங் கருவியொன்று உண்டு. அதுவே வாக்கிய மரம். அம்மரத்தைக் கணினியில் அச்சுக்கோப்புக் கட்டளைகளால் வரையும் முறையினையும், அங்ஙனம் வரையுங்கால் தமிழ் வாக்கியத்தைப் பற்றி நமக்குப் புலனாவனவற்றையும் ஈண்டு விளக்க முயல்வோம்.

உதாரணம் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

வாவிக்கரையில் மீன் விற்ற கிழவனின் மகனைக் கண்டேன்.

ஆறே சொற்கள். மட்டக்களப்பு வாவியின் கரையிற் பிறந்து வளர்ந்த எவருக்கும் பொருள் விளங்காத சொல் இதில் ஒன்றேனும் இல்லை. எனினும், மீன் விற்றவன் கிழவனா, மகனா? வாவிக்கரையில் நிகழ்ந்தது விற்றலா, காண்டலா? முதல் வினாவிற்கு இரண்டு விடைகள், இரண்டாவதற்கும் இரண்டு. ஆகவே எழுத்தில் ஒன்றாகிய வாக்கியம் பொருளில் நான்காகின்றது. பேச்சிலே குரலின் ஏற்றத் தாழ்வும் இடைநிறுத்தமும் ஐயத்தை அகற்றும். ஏட்டிலே அவ்வுதவி இல்லை. முறைப்பாட்டுக் கடிதத்திலும் காணி உறுதியிலும் இத்தகைய வாக்கியம் வந்துவிட்டால் விளைவது வெறும் இலக்கணச் சிக்கல் அன்று, வழக்கு.

நம் பழைய உரையாசிரியர்கள் இவ்விடர்ப்பாட்டை நன்குணர்ந்தவர்கள். செய்யுளுக்கு உரை வகுக்கும்போது, இன்ன சொல்லை இன்ன வினையொடு கூட்டுக, இஃது இதனொடு முடிந்தது என்று எழுதிச் செல்வர். நன்னூலார் பொருள்கோளை எட்டாக வகுத்ததும் இதன்பொருட்டே. ஆற்றுநீர்ப் பொருள்கோளிற் சொற்கள் நின்ற வரிசையிலேயே பொருள் ஓடும். கொண்டுகூட்டில் வெவ்வேறு அடிகளிற் கிடக்குஞ் சொற்களைத் தேடியெடுத்து இணைத்தல் வேண்டும். உரையாசிரியர் சொல்லாற் செய்த அக்கூட்டலைக் கோட்டாற் செய்வதே மரம்.

கோட்டாற் செய்யும் வழக்கம் மேனாட்டுப் பள்ளிகளில் தோன்றியது. அமெரிக்க ஆசிரியராகிய ஸ்டீபன் வாட்கின்ஸ் கிளார்க் என்பார் 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கண நூலிலே சொற்களைக் குமிழிகளுள் அடைத்துக் காட்டினார். 1877இல் ரீட், கெலோக் என்னும் இருவர் குமிழிகளை விடுத்துக் கோடுகளை மட்டுங் கொண்டு பகுத்தனர். 1957இல் நோம் சோம்ஸ்கியின் நூல் வெளிவந்த பின்னர், கிளை விரிந்து தலைகீழாகத் தொங்கும் மரம் மொழியியலாரின் அன்றாடக் கருவியாயிற்று. அந்நெறியிலே தமிழ்த் தொடரை ஆராய்ந்த ச. அகத்தியலிங்கனாரின் நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1967இல் வெளியிட்டது. நமக்கு அண்மையிலுள்ள கல்முனையைச் சேர்ந்த பேராசிரியர் எம். ஏ. நுஃமான் 1999இல் வெளியிட்ட ‘அடிப்படைத் தமிழ் இலக்கணம்’ தொடரியலுக்கும் உரிய இடம் அளிக்கின்றது. ஆசிரியர்கள் கையிலிருக்க வேண்டிய நூல் அது.

இனி வரைதலுக்கு வருவோம். கரும்பலகையில் மரம் வரைந்தோர்க்கு அதன் துன்பந் தெரியும். மேலே ‘வாக்கியம்’ என்று எழுதிக் கிளை பிரித்துக்கொண்டு கீழே வருமுன் பலகையின் இடப்பக்கம் முடிந்துவிடும். வினாத்தாளில் அச்சிடுவதோ இன்னுங் கடினம். ஈயவெழுத்துக் கோத்த காலத்திற் சாய்ந்த கோடுகளுக்காகத் தனியே பிளாக் செய்விக்க வேண்டியிருந்தது. இன்று கணினியிலே சுட்டியைப் பிடித்துக் கோடு இழுக்கலாம். ஆயின் ஒரு சொல்லைத் திருத்தினால் எல்லாக் கோடுகளையும் நகர்த்த வேண்டும்.

இத்துன்பத்தை நீக்குவது ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு நிரல். அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் குனூத், தம் நூலின் புதிய பதிப்பிற்காக வந்த அச்சுப் படிகளின் அழகின்மையைக் கண்டு மனம் வெதும்பி, தாமே அச்சுக்கோக்கும் நிரலொன்றை இயற்றத் தொடங்கினார். தொடங்கியது 1977இல்; முதல் நிரல் 1978இல் வெளிவந்தது. அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களிற் கட்டியதே ‘லேடெக்’. இவற்றில் நாம் பக்கத்தை வரைவதில்லை. பக்கம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைச் சொற்களால் எழுதுகின்றோம், நிரல் அதைக் கணக்கிட்டு அமைக்கின்றது. மரம் வரைவதற்கென்று லேடெக்கில் ‘கியூட்ரீ’ முதலிய பொதிகள் பல உள. அவற்றுள் எமக்கு உகந்தது ‘ஃபாரஸ்ட்’, அதாவது காடு, என்னும் பெயருடையது. சுலோவேனிய மொழியியலாரான சாசோ ஷிவனோவிச் 2012இல் அதனை வெளியிட்டார். கிளைகளின் அகலத்தை அளந்து, ஒன்றோடொன்று மோதாமல் நெருக்கி நிறுத்துவது அதன் சிறப்பு.

அதற்கு நாம் கொடுக்க வேண்டியது பகர அடைப்புகள் மட்டுமே. ஒவ்வொரு கணுவும் ஓர் அடைப்பு. கிளைகள் அவ்வடைப்பினுள் அடைப்புகள். வாவிக்கரையைச் சற்றே ஒதுக்கிவிட்டு, மகனே மீன் விற்றான் என்னும் பொருளுக்கு எழுதுவோம்:

[வாக்கியம்
  [எழுவாய் [(நான்)]]
  [செயப்படுபொருள்
    [பெயரெச்சத்தொடர் [மீன்] [விற்ற]]
    [பெயர்த்தொடர் [கிழவனின்] [மகனை]]]
  [பயனிலை [கண்டேன்]]]

கிழவனே விற்றான் என்பது கருத்தாயின் நடுப்பகுதி மட்டும் மாறும்:

  [செயப்படுபொருள்
    [பெயர்த்தொடர்
      [பெயரெச்சத்தொடர் [மீன்] [விற்ற]]
      [கிழவனின்]]
    [மகனை]]

சொற்களின் வரிசை அணுவளவும் மாறவில்லை. மாறியது அடைப்பு மூடும் இடம். முதலாவதில் ‘கிழவனின் மகன்’ ஒரு கூறாகத் திரண்டு, அத்திரளைப் பெயரெச்சம் தழுவுகின்றது. இரண்டாவதில் ‘மீன் விற்ற கிழவன்’ முன்னரே திரண்டுவிடுகின்றான். மகன் பின்னர் வந்து சேர்கின்றான். கையால் வரையும் மாணவன் கோட்டை இரண்டிற்கும் நடுவே மங்கலாக இழுத்துத் தப்பிக்கொள்ளலாம். அடைப்பில் அது நடவாது. எங்கே மூடுவது என்று தீர்மானித்தே ஆகவேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரல் பிழை கூறி நின்றுவிடும். இம்முறையின் கற்பித்தற் பயன் இதிலேதான் உள்ளது. படத்தின் அழகு அடுத்தபடியே.

மேலே யாம் வாக்கியத்தை எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று மூன்று கிளையாகப் பிரித்ததைக் கவனித்திருப்பீர்கள். மேனாட்டு நூல்களைப் பின்பற்றுவோர் இரண்டாகவே பிரிப்பர்: எழுவாய்ப் பெயர் ஒருபுறம், வினையும் அதன் செயப்படுபொருளுஞ் சேர்ந்த வினைத்தொடர் மறுபுறம். கட்டளையில் இது மேலும் ஒரு சோடி அடைப்புத்தான். ஆயின் அதன் பின்னே பெரியதொரு வினா உண்டு. ஆங்கிலத்திற் செயப்படுபொருள் வினையை ஒட்டியே நிற்கும். இடம்பெயர்ந்தாற் பொருளே புரண்டுவிடும். தமிழிலோ ‘மகனை நான் கண்டேன்’, ‘நான் மகனைக் கண்டேன்’ இரண்டும் இயல்பாய் வரும். உருபு காவல் நிற்பதால் பொருள் கெடாது. அவ்வாறாயின் வினையுஞ் செயப்படுபொருளுந் தனியே திரண்டு ஒரு கூறாகின்றன என்பதற்குத் தமிழிற் சான்று யாது? நம் மொழிக்கு உடன்பிறப்பாகிய மலையாளத்தை ஆராய்ந்த கே. பி. மோகனன் 1982இல், அங்கே வினைத்தொடர் என்றொரு கூறு இல்லை, வாக்கியம் தட்டையாகவே விரிகின்றது என்று வாதித்தார். மாறுபட்டோரும் உளர். வகுப்பறைக்கு யாம் மூன்று கிளையையே விரும்புகின்றோம். நம் இலக்கண மரபு பிள்ளைகளுக்குக் கற்பித்துள்ள பகுப்பு அதுவே. தட்டையான மரத்தை நாம் பெயரறியாமலே முன்பிருந்து வரைந்து வருகின்றோம்.

ஒரு நுட்பத்தைச் சொல்லவேண்டும். எழுவாய் என்பது வாக்கியத்திற் சொல் ஆற்றும் பணியின் பெயர். பெயர்த்தொடர் என்பது அதன் இனத்தின் பெயர். இரண்டையும் ஒரே மரத்திற் கலத்தல் தூய மொழியியலார்க்கு ஒவ்வாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கோ அது துணையே செய்கின்றது. ஆங்கில எழுத்துச் சுருக்கங்களை அப்படியே கணுக்களில் இடும் வழக்கம் மட்டும் எமக்கு உடன்பாடன்று. காரைதீவிற் பிறந்து, 1936இற் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணில், பெயரெச்சத்தொடருக்குப் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை.

தமிழ் மரத்திற்கே உரிய இயல்புகள் வேறுஞ் சில உள. தழுவுஞ் சொல் முன்னும் தழுவப்படுஞ் சொல் பின்னும் வருவதால், வாக்கியம் நீள நீள மரம் இடப்பக்கமே கவிந்து வளரும். ‘நேற்று வந்த பையன் தந்த நூலைப் படித்த ஆசிரியர் சிரித்தார்’ என்பதை வரைந்து பாருங்கள். வாடைக்குச் சாய்ந்த மரம்போல் ஒருபுறமே சாயும். பிறகு, தோன்றாதவை. ‘கண்டேன்’ என்னும் விகுதியிலே ‘நான்’ அடங்கிவிட்டமையால் எழுவாய் வெளிப்படவில்லை; அதனைத் தோன்றா எழுவாய் என்போம். ‘மீன் விற்ற’ என்பதில் ஐயுருபு தொக்கு நிற்கின்றது. இன்றைய மொழியியலார் ‘வெற்றுக் கணு’ என்று வரைவனவற்றிற்கு நம் முன்னோர் தொகை என்றும் தோன்றா எழுவாய் என்றும் பண்டே பெயரிட்டிருந்தனர். யாம் அவற்றைப் பிறையடைப்புக்குள் எழுதுவிக்கின்றோம்.

உருபைத் தனி இலையாக வரைவதா, சொல்லோடு சேர்த்தா என்பது மாணவர் விரும்பி வாதிடும் வினா. இரண்டாம் மரத்தில் ‘இன்’ என்பது கிழவன் என்ற தனிச்சொல்லின் உடைமையன்று, ‘மீன் விற்ற கிழவன்’ என்ற முழுத்தொடரின் உடைமை. ஆதலின் மேல்வகுப்பில் [கிழவன்] [இன்] என்று பிரித்து, உருபை ஒரு படி மேலே தூக்கிக் காட்டலாம். கீழ்வகுப்பிற்கு அது சுமை. பிரிக்க வேண்டாத நெடுந்தொடரை முக்கோணக் கூரையொன்றின்கீழ் முழுதாக வைத்துவிடும் வசதியும் ஃபாரஸ்டில் உண்டு.

தமிழெழுத்தைப் பற்றி ஒரு குறிப்பு. பழைய டெக் நிரல் தமிழை நேரே அறியாது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துத் தாமஸ் ரிட்ஜ்வே போன்றோர் அதற்கெனத் தனி எழுத்துருக்களை ஆக்க வேண்டியிருந்தது. 2004இல் ஜொனதன் கியூ அளித்த ‘சீடெக்’ யுனிகோட் எழுத்தை அப்படியே ஏற்கும். ஆயினும் எழுத்துருவை அழைக்கும்போது வரிவடிவம் தமிழ் என்று குறிப்பிட மறக்கலாகாது. கணினியின் உள்ளே ‘கெ’ என்பது முதலிற் ககரமும் பின்னர் ஒற்றைக்கொம்புமாகவே பதியப்படுகின்றது. கொம்பை முன்னே கொணர்ந்து நிறுத்துவது எழுத்துருவின் வேலை. அக்குறிப்பு இல்லையேற் கொம்பு பின்னாலேயே நின்றுவிடக்கூடும். கணுவின் பெயரிற் காற்புள்ளி வந்தால் நிரல் அதனைக் கட்டளையின் பிரிப்பாகக் கொள்ளும். நெளிவடைப்புக்குள் அச்சொல்லை இடுக. இவையெல்லாம் இலவசமாகவே கிடைக்கும் நிரல்கள். இணையத்தில் ‘ஓவர்லீஃப்’ தளத்திற் சீடெக்கைத் தெரிந்துகொண்டால் கல்லூரிக் கணினியில் எதனையும் நிறுவவும் வேண்டுவதில்லை.

அடைப்பில் எழுதிய மரத்திற்குப் படத்திற்கில்லாத பயன் ஒன்றுண்டு: அதனைப் பொறியும் படிக்கும். மொழிபெயர்க்கவும் பிழைதிருத்தவும் வல்ல நிரல்களைப் பழக்குதற்கு, கற்றோர் பகுத்து வைத்த வாக்கியங்களின் தொகுதிகள் உதவுகின்றன. அவற்றை மரவங்கி எனலாம். செக் நாட்டுப் பிராகா நகரத்துச் சார்லசுப் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமி முதலியோர் தொகுத்த தமிழ் மரவங்கியில் உள்ளவை 600 வாக்கியங்கள். அவை செய்தித்தாளிலிருந்து எடுக்கப்பட்டவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கெங்காதரையர் சர்வேஸ்வரனும் பரமேசுவரி கிருஷ்ணமூர்த்தியும் தொகுத்த மற்றொன்றில் 534. அதற்குத் தாமஸ் லேமன் 1989இல் எழுதிய தமிழிலக்கண நூலின் எடுத்துக்காட்டுகள் மூலமாயின. ஆங்கிலத்திற்கு அதே முறையில் அமைந்த ஒரு தொகுதியிலேயே 16,000 வாக்கியங்களுக்கு மேல் உள்ளன. மட்டக்களப்புப் பேச்சுத் தமிழை ஆராய்ந்த கமில் சுவெலபில், பேச்சுவழக்குகள் எல்லாவற்றிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது இதுவே என்று 1966இல் எழுதினார். ‘மறுகா’ என்று தொடங்கும் நம் தாய்மார் வாக்கியங்களை அடைப்பிட்டு வைக்கும் வேலைக்குப் பட்டம் வேண்டுவதில்லை. எழுவாய் பயனிலை அறிந்த மேல்வகுப்பு மாணவன் போதும், உடனிருந்து பார்க்க ஓர் ஆசிரியரும்.

ஒதுக்கி வைத்த வாவிக்கரை எஞ்சியுள்ளது. விற்றல் அங்கே நிகழ்ந்ததாயின் [வாவிக்கரையில்] என்பதைப் பெயரெச்சத்தொடரின் அடைப்பினுள், [மீன்] என்பதற்கு முன்னே இடுக. காண்டல் அங்கே நிகழ்ந்ததாயின் வாக்கியம் என்னும் முதற்கணுவின் நேர்க்கிளையாக, செயப்படுபொருளுக்கு முன் இடுக. மேலே தந்த இரண்டு மரங்களோடும் இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால் நான்கு மரங்களும் கிடைக்கும்.