எண்ணெய் நாட்டில் மின்சார வண்டி

மின்சாரத்தால் ஓடும் மோட்டார் வண்டி நம் காலத்து நூதனம் என்று பலரும் கருதுகின்றனர். உண்மை அஃதன்று. மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை முதன்முதற் கடந்த மோட்டார் வண்டி மின்சாரத்தாலேயே ஓடியது. 1899-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் அதனைச் செலுத்தியவர் பெல்ஜிய நாட்டவராகிய காமில் ஜெனாட்ஸி என்பார். அந்நாளில் அமெரிக்க நகரங்களிலும் புகையும் பேரோசையுமற்ற மின்சார வண்டிகள் பல ஓடின. பெட்ரோல் வண்டியைக் கிளப்ப வேண்டின், முன்னே நின்று கைப்பிடியைச் சுழற்றுதல் வேண்டும். அது எதிர்த்துச் சுழன்று கையை முறித்தலும் உண்டு. 1912-இல் கடிலாக் வண்டிகளில் எந்திரத்தைத் தானே கிளப்பும் கருவி அமைக்கப்பெற்றபின் அக்குறை நீங்கிற்று. அக்கருவி ஒரு சிறு மின்சார மோட்டாரே! தன் இனமே தனக்குப் பகையாயிற்றெனலாம்.

எனினும், தோல்விக்கு மூலகாரணம் சேமக்கலமே. ஒரு கிலோகிராம் பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட்-மணி ஆற்றல் அடங்கியுள்ளது. ஈயச் சேமக்கலம் அதே நிறையிற் கொள்வது அதன் முந்நூற்றில் ஒரு பங்களவே. இக்குறையை நிறைவித்தது 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனிக் கலம். அன்றியும், பெட்ரோல் எந்திரம் எரிபொருளின் ஆற்றலிற் பெரும்பகுதியை வெப்பமாக இழந்து, ஏறக்குறையக் கால் பங்கையே சக்கரத்திற்கு அளிக்கின்றது. மின்சார வண்டியோ முக்கால் பங்கிற்கு மேல் அளிப்பதோடு, வேகத்தைத் தணிக்குங்கால் மோட்டாரையே டைனமோவாக மாற்றிச் செலவிட்டதில் ஒரு பகுதியை மீட்டும் பெறுகின்றது.

இம்மாற்றம் ஒரு தேசத்தில் எங்ஙனம் நிகழ்ந்தது என்பதை அறிய விரும்புவோர் நார்வேயை நோக்குக. 1989-இல், அந்நாட்டின் புகழ்பெற்ற ‘ஆ-ஹா’ என்னும் இசைக்குழுவினர் இருவரும், சுற்றுச்சூழற் காவலராகிய பிரெடரிக் ஹாகே என்பவரும், மின்சாரத்தால் ஓடுமாறு மாற்றப்பெற்ற ஒரு சிறிய பியட் வண்டியை வாங்கி வந்தனர். சுங்கச்சாவடிகளிற் பணம் செலுத்தாமலே அதனை ஓட்டினர். அபராதம் விதிக்கப்பெற்றது, அதனையும் செலுத்தாமையால் சர்க்கார் வண்டியைப் பறித்து ஏலம் விட்டது, ஏலத்தில் அவர்களே அதனை மீண்டும் எடுத்தனர். இக்கூத்தைக் கண்டு நாடே நகைத்தது. ஆயினும், 1990-இல் மின்சார வண்டிகளுக்குப் பதிவு வரி விலக்கப்பட்டது. 1997-இற் சுங்கமும், 2001-இல் நூற்றுக்கு 24 வீதமான விற்பனை வரியும் நீக்கப்பட்டன. 2005-இற் பஸ்களுக்குரிய தனிப்பாதையிற் செல்லவும் அனுமதி கிடைத்தது.

இத்துணைச் சலுகையிருந்தும், சுமார் இருபது ஆண்டுகள் அவ்வண்டிகள் பெருகவில்லை. ஏன்? வாங்கத்தக்க வண்டி இல்லாமையே காரணம். லித்தியம் கலத்தோடு கூடிய நல்ல வண்டிகள் 2011-ஐ ஒட்டி வந்தபின்னரே ஜனங்கள் அவற்றை நாடினர். வரிச்சலுகை வாயிலைத் திறந்து வைத்ததேயன்றி, உள்ளே நுழைதற்குரிய பொருளை விஞ்ஞானமே தரவேண்டியதாயிற்று. 2025 முதல் விற்கப்படும் புதிய கார்கள் யாவும் புகையற்றனவாதல் வேண்டுமென 2017-இற் பாராளுமன்றம் குறிக்கோள் வகுத்தது. ஆனால், பெட்ரோல் வண்டியைச் சட்டத்தால் தடுக்கவில்லை; கனத்த வரியால் அதனை அருமைப்படுத்தியது. 2024-இல் விற்ற புதிய கார்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 89 மின்சாரத்தால் ஓடுவன. 2025-இல் அது 95-ஐயும் கடந்தது. 2024 செப்டம்பரில், அந்நாட்டிற் பதிவாகியிருந்த மின்சாரக் கார்களின் தொகை பெட்ரோல் கார்களினும் சில நூறு மிகுந்தது. டீசல் வண்டிகள் மட்டும் அப்பொழுதும் இரண்டினும் மிகுதியாயிருந்தன.

கடுங்குளிரில் சேமக்கலத்தின் வலி குன்றும். வண்டி செல்லும் தூரமும் குறையும். அத்தகைய பனிநாடே முன்சென்றது வியப்பன்றோ! அந்நாட்டு மின்சாரத்திற் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியால் விளைவது என்பதை யாம் மறத்தலாகாது. நிலக்கரியை எரித்து மின்சாரம் ஆக்கும் நாட்டில் புகையின் ஒரு பகுதி ஒழிவதன்று, தெருவினின்று மின்னிலையத்திற்கு இடம் மாறுவதே.

இங்கு ஓர் இடுக்கண் உளது. 1969-இல் வடகடலிற் பேரெண்ணெய் ஊற்றுக் கண்டது முதல் நார்வே செல்வம் மிக்கதாயிற்று. அவ்வெண்ணெயை அயல்நாடுகளுக்கு விற்ற பொருளைச் சேமித்து வைக்கும் நிதிக்குச் சட்டம் இயற்றப்பட்டதும் பதிவு வரி விலக்கிய அதே 1990-ஆம் ஆண்டிற்றான். தன் வீதியைத் தூய்மை செய்துகொண்டு எண்ணெயைப் பிறர் வீதியில் எரிய விடுதல் முறையோ என்று அந்நாட்டாரே வினவுகின்றனர். யாமும் அவ்வினாவைப் புறக்கணித்தற்கில்லை. எனினும், அது பற்றி அவர் செய்த நன்முயற்சியைப் பொய்யென்று தள்ளவும் ஒருப்படோம்.

வரிச்சலுகையால் முதற்கண் மிக்க பயன் பெற்றோர் புது வண்டி வாங்கவல்ல பொருளுடையோரே. அதனால், 2023-இல் 5,00,000 குரோனருக்கு மேற்பட்ட விலைப்பகுதிக்கு விற்பனை வரி மீண்டும் விதிக்கப்பட்டது. தனிப்பாதையில் இவ்வண்டிகள் மிகுந்து பஸ்களைத் தடுத்தமையால், ஆஸ்லோ நகரை அடுத்த ஒரு பெருஞ்சாலையில், நெருக்கடி வேளையில் ஓட்டுநரோடு மற்றொருவரும் அமர்ந்திருந்தாலன்றி அப்பாதையிற் செல்லலாகாதென 2015-இல் விதித்தனர்.