பீலித் தண்ணீரும் விளையாட்டுக் கணினியும்

நீரும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று பகை என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஈரக் கையோடு சுவிட்சைத் தொடாதே என்று அதட்டாத தாய் நம் நாட்டில் இல்லை. அவ்வாறிருக்க, மின்சாரம் பாயும் ஒரு பெட்டிக்குள்ளே வேண்டுமென்றே குழாய் அமைத்து, நீரை ஓடவிட்டு, அந்த நீரின் துணைகொண்டே அப்பெட்டியைக் காப்பாற்றுகிறார்கள் என்றால் நம்மில் பலர் நம்பத் தயங்குவர். ஆயினும் அஃது உண்மையே. விளையாட்டுக்கென அமைக்கப்படும் கணினிகளில் நீரினால் குளிரூட்டும் முறை இன்று உலகெங்கும் வழக்கில் இருக்கிறது. பொகவந்தலாவையில் வாழும் ஒரு மாணவன், கையில் அதிகப் பணமின்றி, பழைய பாகங்களைக் கொண்டே இத்தகைய கணினியொன்றை அமைத்துக்கொள்ள இயலுமா? இயலுமாயின், அஃது அவசியந்தானா? இவ்விரு வினாக்களையும் சற்று ஆராய்வோம்.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மலையேறி வரும் லொறியொன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் எஞ்சினைச் சுற்றி நீர் ஓடுகிறது. எஞ்சினின் உஷ்ணத்தை அந்நீர் ஏற்றுக்கொண்டு முன்புறத்திலுள்ள ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே காற்றிலே அந்த உஷ்ணத்தை விட்டுவிட்டு மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. கணினியில் நடப்பதும் இதுவே. எஞ்சினுக்குப் பதிலாகத் தீப்பெட்டியினும் சிறிய ஒரு சில்லு. அதன் தலைமீது உள்ளே வாய்க்கால்கள் வெட்டப்பட்ட ஒரு செப்புக் கட்டி. ஒரு சிறு பம்ப், ஒரு ரேடியேட்டர், இரண்டு மூன்று முழக் குழாய். இவ்வளவுதான் விஷயம்.

கணினி உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் உஷ்ணமாகவே வெளிப்படுகிறது. 2013இல் வெளிவந்து இன்று பழைய பொருளாக எளிதிற் கிடைக்கும் இன்டெல் ஐ5-4570 என்னும் சில்லின் அளவு 84 வாட். 2017இல் வந்த ஆர்எக்ஸ் 580 என்னும் கிராபிக்ஸ் கார்டின் அளவு 185 வாட். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 270 வாட். ஒரு நிமிடத்துக்கு ஒரு லீற்றர் நீர் இவற்றினூடே ஓடுமாயின், அந்நீர் வெளியேறும்போது உள்ளே புகுந்ததைவிடச் சுமார் 4 பாகை மட்டுமே சூடேறியிருக்கும். ஆனால் ரேடியேட்டரை நீக்கிவிட்டு அதே ஒரு லீற்றர் நீரையே சுற்றிச் சுற்றி ஓடவிட்டால், பத்தே நிமிடத்தில் 38 பாகை ஏறிவிடும்! ஆகவே நீர் உஷ்ணத்தை அழிப்பதில்லை என்பது தெளிவு. கொழுந்துக் கூடையைச் சுமந்துபோய் மடுவத்திலே இறக்கிவைப்பது போல, அஃது உஷ்ணத்தை ஓரிடத்திலிருந்து சுமந்து மற்றோரிடத்தில் இறக்குகிறது. அந்தச் சுமைகூலியாகிய நீரின் ஆற்றல் பெரிது. கன அளவுக்குக் கன அளவு ஒப்பிட்டால், காற்றைவிட மூவாயிரம் மடங்குக்கும் மேலான உஷ்ணத்தை அஃது ஏற்க வல்லது.

பொகவந்தலாவை மக்களுக்கு நீரும் மின்சாரமும் சேர்ந்து வாழ்வது புதுமையன்று. இப்பள்ளத்தாக்கில் பெய்யும் மழை கெசல்கமு ஓயாவாக ஓடிக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்குகிறது. அங்கிருந்து இறங்கும் நீர், 1965 முதல் இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, நோர்ட்டன் அணையைக் கடந்து, 1950இல் தொடங்கப்பட்ட பழைய லக்ஷபான மின்நிலையத்தையும் சுழற்றுகிறது. மலைநாட்டு நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கட்டுரை எழுதி வாதாடினார். அந்த மின்சாரம் கணினிக்குள் உஷ்ணமாக, அந்த உஷ்ணத்தை மறுபடியும் நீரே சுமக்கிறது என்பது சிந்திக்கச் சுவையானது.

பேரறிவு யந்திரங்கள் பல நீரின் தயவிலேயே வாழ்ந்தவை. 1980இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த 3081 என்னும் பெருங்கணினி நீரினால் குளிரூட்டப்பட்டது. 1985இல் வந்த கிரே-2 மின்சாரத்தைக் கடத்தாத ஒரு திரவத்தில் முழுவதுமாக மூழ்கிக் கிடந்தது. ஜெர்மனியில் மியூனிக் நகருக்கு அண்மையிலுள்ள கார்ஷிங்கில் 2012இல் நிறுவப்பட்ட சூப்பர்மக் கணினியைக் குளிரூட்டியது வெதுவெதுப்பான நீர். அதில் வந்த உஷ்ணம் குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்கப் பயன்பட்டது. இவை அரசாங்கங்களுக்கும் பெரும் நிறுவனங்களுக்கும் உரியவை. நமக்கு நெருக்கமானவர்கள், 1990களின் இறுதியிலே மேல்நாடுகளில் தங்கள் வீட்டு மேசைகளில் இந்தக் காரியத்தைச் செய்த இளைஞர்களே. கடையிலே ஆயத்தப் பொருள் கிடைக்காத அக்காலத்தில், உடைந்த மோட்டார் வண்டியின் ஹீட்டரிலிருந்து கழற்றிய சிறு ரேடியேட்டரையும் மீன்தொட்டிப் பம்பையும் இணைத்து அவர்கள் வேலையை முடித்தார்கள். பழைய பாகங்களைக் கொண்டு நீர்க்குளிரூட்டல் என்பது இந்த வித்தையின் பிறவிக் குணம்.

பாகங்கள் எங்கே, எப்படி?

புதிய பொருளின் விலையைப் பற்றிப் பேசுவது வீண் வேலை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டாலர், மே மாதத்துக்குள் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளமோ 2021இல் 1,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளமாக 1,350 ரூபாய் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. டாலரிலே விலை குறிக்கப்படும் பொருளை இந்தச் சம்பளத்தில் வாங்குவதென்றால், ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் கொழுந்து பறித்த ரூபாய் என்பதை மகன் மறத்தல் தகாது.

இரண்டு நிகழ்ச்சிகள் ஏழை மாணவனுக்கு அனுகூலமாயின. 2022 செப்டெம்பர் 15ஆம் நாள் எதீரியம் என்னும் இணைய நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அந்நாணயத்தைத் தோண்டுவதற்காக இரவுபகல் ஓடிய எண்ணற்ற கிராபிக்ஸ் கார்டுகள் ஒரே நாளில் வேலையிழந்து பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. அடுத்து, 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கு வழங்கப்பட்ட பொதுவான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாதவை என ஒதுக்கப்பட்ட அலுவலகக் கணினிகள் பல, உடலிலே பழுதேதுமின்றி விலைக்கு வருகின்றன. அவற்றில் லினக்ஸ் நன்றாக ஓடும். 2018 முதல் புரோட்டான் என்னும் இடைமென்பொருளின் உதவியால் விண்டோஸ் விளையாட்டுக்கள் பல லினக்ஸிலும் இயங்குகின்றன.

ஆனால் மலிவிலே பொறியும் உண்டு. பெயர்பெற்ற நிறுவனங்களின் அலுவலகக் கணினிகளிலுள்ள பவர் சப்ளை பெரும்பாலும் 240 முதல் 290 வாட் வரையிலானது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தனியாக மின்சாரம் கொடுக்கும் இணைப்பு அதில் இராது. வேறு பவர் சப்ளை வாங்கிப் பொருத்தலாம் என்றாலோ, சில மாதிரிகளில் தாய்ப்பலகையின் மின்துளையே பொது அளவுக்கு மாறுபட்டது. இதை அறியாமல் முதலில் பெட்டியையும் பிறகு கார்டையும் வாங்கிவிட்டு, இரண்டும் பொருந்தாமல் விழிப்பவர் அநேகர். முதலில் பாருங்கள், பிறகு பணத்தை எடுங்கள். பழைய பொருளாக வாங்கவே கூடாதது ஒன்று உண்டென்றால் அது பவர் சப்ளையே. 500 அல்லது 550 வாட் கொண்ட நல்ல பவர் சப்ளை ஒன்றைப் புதிதாக வாங்குவது நம் மதத்தில் சிக்கனமே.

நாணயம் தோண்டிய கார்டு என்றதும் அஞ்சி ஓட வேண்டியதில்லை. ஒரே சீரான உஷ்ணத்தில் ஓடிய சில்லு பெரும்பாலும் நலமாகவே இருக்கும். தேய்ந்திருப்பவை விசிறிகளும் உஷ்ணம் கடத்தும் பசையுமே. சிலவற்றில் உள்ளிருக்கும் பயோஸ் கட்டளை மாற்றப்பட்டிருக்கும். அதைப் பழையபடி திருத்திக்கொள்ளலாம். பணம் கொடுக்குமுன் விற்பவரின் எதிரிலேயே அரைமணி நேரம் கடினமான விளையாட்டொன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகளோ கோடுகளோ தெறித்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இனி நீர்ப் பாகங்கள். மூடி முத்திரையிட்ட ஆயத்தக் குளிரூட்டிகள் பழையதாகக் கிடைக்கும். அவற்றை வாங்கும்போது எச்சரிக்கை தேவை. வருடங்கள் செல்லச் செல்லக் குழாயின் சுவரினூடே நீர் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையும், பம்பும் தேயும். காதருகே வைத்துக் குலுக்கினால் நீர் அதிகமாகச் சலசலக்குமாயின், அதன் ஆயுள் முடிவை நெருங்குகிறதென்று கொள்க. பழைய வான்களின் ஹீட்டரிலிருந்து கழற்றிய ரேடியேட்டரைப் பயன்படுத்துவோர் அஃது எந்த உலோகம் என்று முதலில் பார்க்கவேண்டும். செம்பும் பித்தளையும் ஒன்றோடொன்று இணங்கி வாழும். செப்புக் கட்டியோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தால், இடையே ஓடும் நீரே இரண்டையும் ஒரு பேட்டரியாக்கி, அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும். மீன்தொட்டிப் பம்பிலும் ஓர் ஆபத்துண்டு. அவற்றிற் பெரும்பாலானவை 230 வோல்ட் மின்சாரத்தை நேராக நீருக்குள் கொண்டுசெல்பவை. கணினியின் பவர் சப்ளையிலிருந்தே இயங்கும் 12 வோல்ட் பம்ப் சற்று விலை கூடியதாயினும் அதையே நாடுக.

ஊற்றவேண்டியது காய்ச்சி வடித்த நீர். மோட்டார் கராஜ்களில் பேட்டரித் தண்ணீர் என்று போத்தலில் விற்பார்கள். அமிலத்தை மாற்றி வாங்கிவிடாதபடி போத்தலைப் படித்துப் பாருங்கள். பாசி பிடிக்காமலும் உலோகம் அரிக்காமலும் காக்கும் மருந்தை அதனோடு சேர்ப்பர். எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, கணினிக்கு மின்சாரம் கொடாமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டின் கீழும் வெள்ளைக் காகிதம் விரித்துவைக்க வேண்டும். காகிதத்தில் ஒரு சொட்டு ஈரமேனும் தென்பட்டால் அந்த மூட்டைக் கழற்றிப் பூட்டி, மறுபடியும் ஒரு நாள்.

பீலி நீரைக் கொண்டு வரலாமா?

மலைநாட்டு இளைஞருக்கு இயல்பாக ஒரு யோசனை தோன்றும். பீலியிலே பனிபோல் குளிர்ந்த நீர் இரவும் பகலும் இலவசமாகக் கொட்டுகிறதே. ஒரு குழாயைப் போட்டு அதையே கணினியினூடே ஓடவிட்டால் ரேடியேட்டரும் வேண்டாம், பம்பும் வேண்டாம் அன்றோ?

யோசனை கெட்டிக்காரத்தனமானது, விளைவு கேடானது. மழைக்காலத்தில் பொகவந்தலாவையின் காற்று நீராவி நிறைந்தது. அறையின் வெப்பம் 22 பாகை, ஈரப்பதன் நூற்றுக்குத் தொண்ணூறு என்று கொள்வோம். அந்தக் காற்றிலே ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழ்ப்பட்ட எந்தப் பொருளை வைத்தாலும் அதன்மேல் நீர் படியும். பீலி நீர் நிரப்பிய குடத்தின் புறத்தே முத்து முத்தாக வியர்ப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அதே வியர்வை செப்புக் கட்டியைச் சுற்றி அரும்பி, தாய்ப்பலகையில் வடியுமாயின் கணினியின் கதை அன்றே முடிந்தது. மண்ணும் பாசியும் மயிரிழை போன்ற வாய்க்கால்களை அடைப்பது தனி.

ரேடியேட்டர் கொண்ட மூடிய சுற்றில் இந்த அபாயம் இல்லை. அதிலுள்ள நீர் அறையின் காற்றைவிட ஒருபோதும் குளிர்ச்சியாகாது, ஆகவே வியர்க்காது. நாலாயிரம் அடிக்கு மேலான இவ்வூரின் குளிர் வேறு வழியில் உதவுகிறது. கொழும்பில் அறை 31 பாகையாக இருக்கும்போது இங்கே 20 பாகையாயின், அந்த 11 பாகை மாணவனுக்கு இயற்கை தரும் கொடை. அதே ரேடியேட்டர், அதே விசிறி, ஆயினும் சில்லு இங்கே 11 பாகை குளிர்ந்திருக்கும்.

அங்ஙனமாயின் இந்தக் குளிரில் நீர் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 84 வாட் சில்லுக்கு இவ்வூரில் சாதாரண விசிறியே போதும், மறைக்காமல் சொல்கிறோம். சத்தமிடுவது கிராபிக்ஸ் கார்டு. தேய்ந்த சிறு விசிறிகள் முழு வேகத்தில் சுழலும்போது எழும் இரைச்சல் பெரிய வீட்டில் ஒரு பொருட்டன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில், மகன் விளையாடும் மேசைக்கு நாலடி தூரத்தில், விடியுமுன் எழுந்து பெரட்டுக்களத்துக்கு ஓடவேண்டிய தாய் உறங்குகிறாள். பெரிய ரேடியேட்டரும் மெதுவாகச் சுழலும் அகன்ற விசிறியும் அந்த இரைச்சலை முணுமுணுப்பாகக் குறைக்கும். நீர்க்குளிரூட்டலுக்கு இம்மலைகளில் நாம் ஒப்புக்கொள்ளும் காரணம் இதுவொன்றே. பணம் குறைவாயின், கார்டின் தேய்ந்த விசிறிகளைக் கழற்றிவிட்டு அகலமான விசிறி இரண்டைக் கட்டிவைப்பதும் பெருமளவு பலன் தரும், பகட்டில்லை, அவ்வளவே.

மின்கட்டணத்தையும் கணக்கிடுக. திரையும் சேர்ந்து 300 வாட் என்று வைத்தால், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மாதத்தில் 27 அலகு. பாவனை கூடக்கூட அலகின் விலையும் படிப்படியாக உயருமாதலால், இந்த 27 அலகு வீட்டின் முழுக் கட்டணத்தையும் மேற்படிக்குத் தள்ளிவிடலாம். இதைத் தாய் தந்தையரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மகனுக்கு அழகு. அதே யந்திரத்தில் படம் வரையவும், கணினிமொழி பயிலவும், பாடங்களைப் பார்க்கவும் முடியும் என்பதையும் சொல்லலாம், பொய்யன்று.

எல்லாவற்றிலும் முந்தியது புவியிணைப்பு. இரும்புப் பெட்டி, உள்ளே நீர், வெளியே ஈரத் தரை. சுவரிலுள்ள மூன்றாவது துளை உண்மையிலேயே நிலத்தோடு இணைந்திருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று வயரிங் வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்க்காமல் முதல் சொட்டு நீரையும் ஊற்றவேண்டாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாலை நேரத்து இடி மலைகளில் கடுமையாக முழங்கும். வானம் கறுத்தவுடன் விளையாட்டை நிறுத்தி, சுவிட்சை அணைப்பதோடு நில்லாமல், செருகியையே சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். இணைய இணைப்பின் கம்பியையும் சேர்த்து.