ஜான் ஃபோல்ட்ஸ்

ஜான் ஃபோல்ட்ஸ் (நவம்பர் 2, 1880 – ஏப்ரல் 25, 1939) இந்திய மெட்டுகளைக் கூட்டிசைக்கு அமைத்த ஆங்கிலேய இசையமைப்பாளர். டெல்லி அகில இந்திய வானொலியில் மேலை இசைப் பிரிவின் இயக்குநராக இருந்தார்.

வாழ்க்கை

மான்செஸ்டரில் பிறந்த இவர், அந்நகரின் ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். இவருடைய மனைவி மௌட் மெக்கார்த்தி அயர்லாந்து வயலின் கலைஞர். முன்பே இந்தியா வந்து நம் இசையைப் பயின்றவர். இருவரும் 1935இல் இந்தியா வந்தனர். ஃபோல்ட்ஸ் இங்கு நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார்.

கமகமும் கூட்டிசையும்

மேலை இசையில் மெட்டுடன் வேறு சுரங்களும் சேர்ந்து ஒலிக்கும். நம் இசையில் சுரத்தை அசைக்கும் கமகமே ராகத்தின் உயிர். வயலினில் விரலை நகர்த்திக் கமகத்தைக் கொண்டுவரலாம். ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதிதான். அங்கே கமகம் வராது. இதனால் 1938இல் ஆர்மோனியத்தைச் சாடி ஃபோல்ட்ஸ் கட்டுரை எழுதினார். 1940இல் வானொலி அக்கருவிக்குத் தடை விதித்தது.

மெட்டின் இயல்பு கெடாமல் பலர் சேர்ந்து வாசிக்க முடியுமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி. விடைகாண, வானொலியில் ஓர் இசைக்குழுவை உருவாக்கினார். இந்தியக் கருவிகளுக்கென்றே இசைப்படைப்புகளும் எழுதினார்.

மறைவு

கல்கத்தா நிலையத்துக்கு மாற்றப்பட்ட சில நாட்களில் காலராவால் இறந்தார். கீழை, மேலைக் கருவிகளை இணைத்து அவர் எழுதிய சிம்பொனியின் கையெழுத்துப்படி தொலைந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு அவர் கண்ட விடையை இன்று முழுமையாகக் கேட்க வழியில்லை.