பிரேக் போட்டால் கார் குலுங்குவது ஏன்?

ஆம்பூர், தோலுக்குப் பேர் போன ஊர். அந்தத் தோலுக்கும் கார் பிரேக்குக்கும் ஒரு காலத்தில் உறவு இருந்தது!

1888-ம் ஆண்டு, ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, கணவர் செய்த மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் 100 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்தார். வழியில் பிரேக் கட்டை தேய்ந்தது. செருப்பு தைப்பவரைக் கொண்டு அதன் மீது தோலை வைத்து ஆணி அடித்துக்கொண்டார்!

இன்று தோல் இல்லை. சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டை, இரு புறமும் "பேடு"கள் கவ்விப் பிடிக்கின்றன.

வேலூர்-ஆம்பூர் சாலையில் வேகமாகப் போகும்போது, அழுத்திப் பிரேக் போட்டதும் கார் குலுங்குகிறதா?

எங்கே கோளாறு?

ஸ்டியரிங் நடுங்கினால், பெரும்பாலும் முன்தட்டில் கோளாறு. இருக்கை நடுங்கினால், பின் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். கார் ஒரு பக்கமாக இழுத்தால், டயர் காற்றையும் பேடுகளையும் சோதிக்க வேண்டும்.

அழுத்தி மிதிக்கும்போது மட்டும் பெடல் "டக டக" என்று துடித்தால் பயம் வேண்டாம். சக்கரம் வழுக்காமல் காக்கும் "ஏ.பி.எஸ்." வேலை செய்கிறது. காலை எடுக்கக் கூடாது. மெதுவாக மிதித்தாலும் துடித்தால், தட்டில் கோளாறு.

என்ன செய்வது?

முதலில் சக்கர நட்டுகள் ஒரே சீராக முடுக்கப்பட்டுள்ளனவா என்று பார்க்க வேண்டும். பிறகு மெக்கானிக் தட்டின் கனத்தை அளப்பார். மேடு பள்ளம் இருந்தால் கடைந்து சமன் செய்யலாம். மெலிந்துவிட்டால், இரு பக்கமும் புதுத் தட்டு போட வேண்டும்.

குலுக்கல் என்பது கார் தரும் எச்சரிக்கை. அதை அலட்சியம் செய்தால், ஆபத்து காரில் இருப்பவர்களுக்கு மட்டும் அல்ல, சாலையைக் கடப்பவர்களுக்கும்தான்!