எறிந்த ரசீது யாருக்குச் சொந்தம்?



தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் வாழும் நம் குடும்பங்களுக்கு இன்று ஒரு சின்னக் கேள்வியைக் கொண்டு வந்திருக்கிறேன். சின்னக் கேள்விதான், ஆனாலும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பேரங்காடி வாசலில் யாரோ எறிந்துவிட்டுப் போன ரசீதை எடுத்து, அதற்குரிய புள்ளிகளை நம் உறுப்பினர் அட்டையில் ஏற்றிக்கொள்ளலாமா?

ஒரு குடும்பத்தை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள். தாயார் ஒரு காலத்தில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குடும்பம் பாரிட் புந்தார் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தது. இப்போது அவர் ஒரு பேரங்காடியில் துப்புரவு வேலை செய்கிறார். பத்து வயது மகன் பள்ளி விட்டதும் அம்மாவுக்காக வாசலில் காத்திருக்கிறான். சாமான் வாங்கியவர்கள் ரசீதைக் கசக்கித் தொட்டியில் போடுகிறார்கள். சிலர் தரையிலேயே எறிகிறார்கள். பையன் அவற்றைப் பொறுக்கிச் சேர்க்கிறான். "அம்மா, இதைக் கவுண்டரில் காட்டினால் நம் அட்டையில் புள்ளி ஏறுமாம். தங்கச்சிக்குப் பால்மாவு வாங்கலாம். குப்பைதானே, எடுத்தால் என்ன?" என்று கேட்கிறான்.

அந்தத் தாய் என்ன சொல்வார்? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்?

முதலில் இந்தப் புள்ளி என்பது என்ன என்று தெரிந்துகொள்வோம். "நீங்கள் என் கடையில் வாங்குங்கள்; வாங்கும் தொகைக்கு ஏற்ப ஒரு சிறு பங்கைத் திருப்பித் தருகிறேன்" என்று கடைக்காரர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்குதான் புள்ளி. பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் 1995-இல் கிளப்கார்டு என்ற அட்டையைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் 1998-இல் போனஸ்லிங்க் அட்டை வந்தது. வாடிக்கையாளர் மறுபடியும் தம்மிடமே வர வேண்டும், அவர் என்ன வாங்குகிறார் என்பதும் தமக்குத் தெரிய வேண்டும் என்ற இரண்டு நோக்கங்களோடுதான் கடைகள் அட்டை கொடுக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெள்ளிக்கு ஒரு புள்ளி. 200 புள்ளிக்கு ஒரு வெள்ளி தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 20 வெள்ளிக்குப் பால்மாவு வாங்க 4,000 வெள்ளிக்கான ரசீதுகள் வேண்டும். ஒரு ரசீதில் கிடைப்பது சில காசுதான். ஆனால் பை நிறையச் சேர்த்தால் அது ஒரு தொகையாகிவிடுகிறது. ஏழைக் குடும்பத்துக்கு 20 வெள்ளி என்பது அற்பமல்ல. ஆகவே, பையனின் கேள்வியை ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது.

"கீழே கிடக்கிறது, ஆகவே யாருக்கும் சொந்தமில்லை" என்பது அவனுடைய வாதம். இது சரியா என்று நம் தோட்டத்து அனுபவத்தையே கேட்போம்.

செம்பனைக் குலை பழுத்ததும் பழங்கள் உதிர்ந்து மரத்தடியில் கிடக்கின்றன. அந்த உதிரிப் பழம் தரையில் கிடப்பதால் யாரும் அள்ளிக்கொண்டு போகலாமா? கூடாது. அதற்கு எடை உண்டு, கூலி உண்டு. பால்மரத்து ஒட்டுப்பாலும் அப்படித்தான். மரப்பட்டையில் உறைந்து கிடந்தாலும் அதற்கும் விலை உண்டு. அடுத்தவர் நிரையில் கை வைத்தால் என்ன நடக்கும் என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பக்கமும் பார்ப்போம். பாரிட் புந்தாரைச் சுற்றிலும் கிரியான் மாவட்டத்து நெல்வயல்கள் பரந்து கிடக்கின்றன. அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரை எளியவர்கள் பொறுக்கிக்கொள்வது பல நாடுகளில் இருந்துவந்த பழைய வழக்கம். யூதர்களின் பழைய சட்டமோ, வயலின் ஓரத்தை முழுதும் அறுக்காமல் ஏழைகளுக்கு விட்டுவிட வேண்டும் என்றே நிலக்காரருக்குக் கட்டளையிட்டது. அங்கே பொறுக்குவது குற்றமன்று. ஏன்? நிலக்காரர் மனமறிந்து விட்டுவிட்டார். ஊரும் அதை ஒப்புக்கொண்டது.

உதிரிப் பழமும் தரையில் கிடக்கிறது. சிந்திய கதிரும் தரையில் கிடக்கிறது. ஒன்றை எடுத்தால் தவறு. மற்றொன்றை எடுத்தால் தவறில்லை. ஆகவே ஒரு பொருள் எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு சொல்ல முடியாது. கொடுக்க வேண்டியவர் அதை யாருக்கு என்று வைத்திருக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த அளவுகோலை ரசீதுக்கும் வைத்துப் பார்ப்போம். தைவான் நாட்டில் 1951-ஆம் ஆண்டு முதல் கடை ரசீதுக்கே அரசாங்கம் பரிசுக் குலுக்கல் நடத்துகிறது. கடைக்காரர்கள் வரி ஏய்க்காமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஒவ்வொரு ரசீதிலும் ஓர் எண் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குலுக்கல். காகித ரசீதைக் கையில் வைத்திருப்பவரே பரிசு கேட்கலாம். அதனால் அங்கே தர்ம நிறுவனங்கள் கடை வாசலில் பெட்டி வைக்கின்றன. மக்கள் தங்கள் ரசீதுகளை அதில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அது சிந்திய கதிர் போன்றது.

நம் கடைகளின் உறுப்பினர் அட்டை அப்படிப்பட்டதன்று. "உறுப்பினர் தாம் வாங்கிய பொருளுக்கே புள்ளி" என்பதே பெரும்பாலும் அதன் விதி. இந்த எண்ணத்துக்கு ஒரு பெருமைமிக்க வரலாறும் உண்டு. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில், கலப்படச் சாமானாலும் அநியாய விலையாலும் நொந்துபோன தொழிலாளர்கள் கூடி ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தார்கள். அதைத் தொடங்கியவர்கள் 28 பேர். ஆதாயத்தை அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். வாங்கியவருக்கே பங்கு என்ற நீதியை உலகெங்கும் பரப்பியவர்கள் நம்மைப் போன்ற உழைப்பாளிகள்தாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கடைத்தெருவில் 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்னக் கணக்குப் புத்தகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். கடைக்காரர் அதில் நம் பற்றை எழுதுவார். சம்பளத்தன்று வரவு வைப்பார். அடுத்த வீட்டு அக்காள் கட்டிய பத்து வெள்ளி தவறுதலாக நம் பெயரில் வரவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சும்மா இருப்போமா? "தவுக்கே, இது என் காசில்லை" என்று சொல்லித் திருத்துவோம். புள்ளியும் ஒரு வரவுதான். இன்னொருவர் காசால் வந்த வரவு.

"அவர்தான் வேண்டாமென்று எறிந்துவிட்டாரே! புள்ளி வீணாகத்தானே போகிறது? பெரிய கடைக்கு இது ஒரு நட்டமா?" என்று சிலர் கேட்பார்கள். இந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. வாங்கியவர் தமக்கு வரவேண்டியதைக் கைவிட்டுவிட்டார், அவருக்கு வருத்தமில்லை. ஆனால் அவர் கைவிட்டது காகிதத்தையும் தம் பங்கையும்தான். அந்தப் பங்கை நமக்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்லவில்லை. நாம் கவுண்டரில் ரசீதை நீட்டும்போது, வாய் திறக்காமலேயே "இதை நான் வாங்கினேன்" என்று சொல்கிறோம். தவறு ரசீதைப் பொறுக்கியதில் இல்லை. அந்தச் சொல்லாத பொய்யில்தான் இருக்கிறது.

சட்டமும் இந்த வேறுபாட்டைக் காண்கிறது. சாலையில் ஒரு நாணயம் கிடக்கிறது, யாருடையது என்று தெரியாமல் ஒருவர் எடுக்கிறார். அப்படி எடுத்தது மட்டும் குற்றமாகாது என்று நம் நாட்டுத் தண்டனைச் சட்டத்தின் 403-ஆம் பிரிவு உதாரணம் காட்டுகிறது. ஆனால் பொய்யாக நம்பவைத்துப் பிறரிடம் பொருளைப் பெறுவது ஏமாற்றுதல். அதை 415-ஆம் பிரிவு விளக்குகிறது. சில காசுப் புள்ளிக்காகப் போலீஸ் வரும் என்று உங்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. கண்டெடுப்பது வேறு, பொய் சொல்லிப் பெறுவது வேறு என்பதைக் காட்டவே சொல்கிறேன்.

இதில் உண்மையாகவே ஆபத்துக்கு உள்ளாகிறவர்கள் நம் பிள்ளைகள். பேரங்காடிகளில் காசாளராக வேலை செய்யும் இளம்பெண்களை எண்ணிப் பாருங்கள். அட்டை இல்லாத வாடிக்கையாளர் வருகிறார். புள்ளி வீணாகிறதே என்று அந்தப் பெண் தன் அட்டையைத் தேய்த்துக்கொள்கிறாள். ஒரே அட்டையில் ஒரே நாளில் பல முறை புள்ளி ஏறினால் கணினி காட்டிக்கொடுத்துவிடும். பல கடைகள் இதை வேலை நீக்கத்துக்குரிய குற்றமாகவே கருதுகின்றன. சில காசுக்காக மாதச் சம்பளமும் நற்பெயரும் போய்விடும். அம்மா பொறுக்கிய ரசீதை மகள் கவுண்டரில் ஏற்றிக் கொடுத்தால், இரண்டு பேரின் வேலைக்கும் ஆபத்து அல்லவா?

அப்படியானால் ஏழைக்கு வழியே இல்லையா? இருக்கிறது, நேரான வழி இருக்கிறது. முதலாவது, நாம் வாங்கும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் உரிய நம் சொந்தப் புள்ளியை விடாமல் பெற்றுக்கொள்ள வேண்டும். அட்டை இல்லாதவர்கள் அதற்குக் கட்டணம் உண்டா என்று விசாரித்துப் பதிந்துகொள்ளலாம். புள்ளிகளுக்குக் காலக்கெடு இருக்கும். அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, பிறர் ரசீதுக்குப் புள்ளி தருவார்களா என்பதில் ஐயம் இருந்தால் கடை மேலாளரையே கேளுங்கள்: "ஐயா, இது நாங்கள் வாங்கியதில்லை, இதற்குப் புள்ளி தருவீர்களா?" தருகிறேன் என்றால் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்ளுங்கள், அது மனமறிந்து கொடுத்தது. இல்லை என்றால், அந்தக் காகிதம் குப்பைத் தொட்டிக்கே போகட்டும். மூன்றாவது, ரசீதை அனுப்பிப் பரிசு பெறும் போட்டிகளுக்கும் இதே முறைதான். முதலில் விதியைப் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரே உரைகல் போதும். நாம் செய்யப்போவதைக் கவுண்டரில் எல்லோர் காதிலும் விழும்படி உரக்கச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். குரல் தாழ்கிறது என்றால் கையையும் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பையனிடம் திரும்புவோம். தாயார் அவனைத் திட்ட வேண்டியதில்லை. தங்கைக்குப் பால்மாவு வேண்டும் என்று நினைத்த நல்ல மனம் அவனுடையது. "தம்பி, இது குப்பைதான். ஆனால் இதைக் காட்டி நாம் வாங்கினோம் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வா, அந்த மேலாளரையே கேட்போம்" என்று அவன் கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். மேலாளர் இல்லை என்றே சொல்லலாம். அன்றைக்குப் பால்மாவுக்குக் காசு குறைந்திருக்கலாம். ஆனால் கேட்டுப் பெறுவதில் வெட்கமில்லை, கேட்காமல் எடுப்பதில்தான் வெட்கம் என்பதை அந்தப் பிள்ளை தாயின் கையிலிருந்து கற்றுக்கொள்வான்.