எல்.இ.டி. இயக்கத்தில் மின்னோட்ட வரம்புகள்: சான் ஹோசேச் சில்லுகளை முன்வைத்து ஒரு விளக்கம்

சான் ஹோசே நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அட்மெல் நிறுவனம் 2016இல் மைக்ரோசிப் நிறுவனத்தின் வசமாயிற்று. அட்மெல் உருவாக்கிய ஏடிமெகா328பி என்னும் நுண்கட்டுப்படுத்தி, ஆர்டுயினோ ஊனோ பலகையின் வழியே உலகெங்கும் மாணவர் கைகளைச் சென்றடைந்தது. அச்சில்லின் தரவுத்தாள் ஒரு முனைக்கு 40 மில்லி ஆம்பியர் எனக் குறிப்பிடுகிறது. இதனைப் பயன்பாட்டு அளவாகக் கொள்வது பிழையாகும். தாண்டினால் சில்லு நிலையாகப் பழுதுறக்கூடிய எல்லையையே அவ்வெண் சுட்டுகிறது. அவ்வெல்லையில் நெடுநேரம் இயக்குவதும் சில்லின் நம்பகத்தைக் குறைக்கும். 5 வோல்ட்டில் வெளியீட்டு மின்னழுத்தம் உறுதியளிக்கப்படுவது 20 மில்லி ஆம்பியர் அளவில்தான்.

முனைக்கு வரம்பு இருப்பது போலவே சில்லு முழுமைக்கும் வரம்பு உண்டு. மின்வழங்கல் முனைகளுக்கு அது 200 மில்லி ஆம்பியர். 5 வோல்ட் தரும் முனையோடு 220 ஓம் மின்தடையத்தையும் 2 வோல்ட் வீழ்ச்சியுடைய சிவப்பு எல்.இ.டி.யையும் தொடராக இணைப்பதாகக் கொள்வோம். எஞ்சும் 3 வோல்ட்டை 220ஆல் வகுக்க, ஏறத்தாழ 13.6 மில்லி ஆம்பியர் கிடைக்கும். தனித்து நோக்கின் இது பாதுகாப்பானதே. ஆயின் 16 முனைகள் ஒருங்கே ஒளிரும்போது மொத்தம் 218 மில்லி ஆம்பியரை எட்டும். ஒவ்வொரு முனையும் தன் வரம்புக்குள் நிற்க, சில்லு தன் வரம்பைக் கடந்துவிடுகிறது.

இச்சுமையை இயக்கிச் சில்லு ஏற்கிறது. பிற்காலத்தில் சான் ஹோசேயைத் தலைமையிடமாகக் கொண்ட மாக்சிம் நிறுவனத்தின் மாக்ஸ்7219, 64 எல்.இ.டி.களை எட்டெட்டாக மாறிமாறி ஒளிர்விக்கிறது; உச்ச மின்னோட்டத்தை ஒரேயொரு மின்தடையம் வரையறுக்கிறது. எல்.இ.டி. ஒன்றுக்கு 40 மில்லி ஆம்பியர் எனில், ஒரு நேரத்தில் எட்டுக்கு 320 ஆகும். 8×8 புள்ளிகளில் அடங்காத தமிழ் எழுத்துகளுக்கென நான்கு கட்டங்களை இணைத்தால், தேவை 1.28 ஆம்பியராக உயரும். யூ.எஸ்.பி. 2.0 வாயில் தருவதோ 500 மில்லி ஆம்பியர். இயக்கிச் சில்லு வரம்பை நீக்குவதில்லை. மின்வழங்கியின் தலைக்கு மாற்றுகிறது.

கலைச்சொல்லாக்கம் இவ்விடத்தில் கருதத்தக்கது. தரவுத்தாள்கள் வெவ்வேறாகக் கூறும் இரு அளவுகளையும் தமிழில் ‘உச்ச வரம்பு’ என்றே பெயர்த்தால், 40க்கும் 20க்கும் இடையிலான வேறுபாடு மறையும். முன்னதை ‘அழிவெல்லை’ என்றும் பின்னதை ‘இயக்க வரம்பு’ என்றும் பிரித்து வழங்குவது, கற்போர் கையிலுள்ள சில்லையும் காக்கும்.