வேப்பிலைக் கொத்தும் வீட்டு அரிசியும்



நம் தோட்டப்புறத்தில் ஒரு வீட்டில் அம்மை கண்டால் என்ன செய்வோம்? நிலைப்படியில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகிவைப்போம். அதைப் பார்த்தவர்கள் உள்ளே நுழையமாட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்குகிற அறிவிப்பு அது. ஆனால் அத்தோடு காரியம் முடிந்துவிடுகிறதா? அந்த வீட்டுக்குத் தண்ணீர் எடுத்து வைப்பது யார்? கடைச் சாமான் வாங்கிக் கொடுப்பது யார்? வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்துக்கு என்ன வழி? ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் குடியிருக்கிற லயத்தில், வேப்பிலை மட்டும் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

2020ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரம் முழுவதுமே இந்தக் கேள்விகளுக்கு விடை தேட வேண்டியதாயிற்று. நம்மில் பலருடைய பிள்ளைகள் அங்கே வேலை செய்கிறார்கள். ஆகவே அங்கே நடந்ததை நாம் சற்று விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் நோயைப் பற்றி ஒரு வார்த்தை. காலரா தண்ணீர் வழியாக வரும். தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். கொரோனா அப்படியல்ல. ஒருவர் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் மூச்சிலே கிருமி இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் அது தங்கி நிற்கும். அதைவிட மோசம், காய்ச்சல் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே அது மற்றவருக்குத் தொற்றிவிடும். நோயாளி யார் என்று பார்த்து ஒதுக்கிவைக்க முடியாது. ஆகவே எல்லாரையும் எல்லாரிடமிருந்தும் விலக்கிவைக்க வேண்டியதாகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சிங்கப்பூரில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 2020 ஜனவரி 23ஆம் தேதி. பிப்ரவரி 7ஆம் தேதி அரசாங்கம் எச்சரிக்கை நிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியது. அன்று மாலையே கடைகளில் கூட்டம். அரிசி, மீ, கழிப்பறைத் தாள் எல்லாம் தட்டுகளிலிருந்து மறைந்தன. நாட்டில் சரக்குக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வாங்குகிறாரே என்ற பயந்தான். ஃபேர்பிரைஸ் கடைகளில் ஒருவருக்கு இரண்டு மூட்டை அரிசி, நான்கு பொட்டலம் மீ என்று அளவு வைத்தபிறகு கூட்டம் தணிந்தது. எல்லாருக்கும் கிடைக்கும் என்று கண்ணால் கண்டபிறகுதான் மனம் அடங்கும்.

மார்ச் 18ஆம் தேதி மலேசியா தன் எல்லையை மூடியது. ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போய்வந்தவர்கள் ஒரே நாளில் முடிவெடுக்க வேண்டியிருந்தது: அக்கரையில் தங்கிச் சம்பாதிப்பதா, இக்கரையில் குடும்பத்தோடு இருப்பதா? ஆகஸ்ட் 17ஆம் தேதி வந்த ஏற்பாட்டின்படியும், குறைந்தது 90 நாள் சிங்கப்பூரில் தங்கி வேலை செய்தபிறகே ஊருக்கு வர முடிந்தது. பிள்ளை முகத்தைக் கைத்தொலைபேசியில் மட்டும் பார்த்த தாய்மார் நம் தோட்டங்களிலும் இருந்தார்கள்.

ஏப்ரல் 7ஆம் தேதி கிருமித்தொற்று முறியடிப்புத் திட்டம் தொடங்கியது. வேலையிடங்கள் மூடப்பட்டன, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படித்தார்கள். ஆனால் எல்லாவற்றையும் மூடவில்லை. சந்தை, மளிகைக் கடை, மருந்தகம், கிளினிக் திறந்திருந்தன. சாப்பாட்டுக் கடைகளில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, கட்டிக்கொண்டு போகலாம். நம்மவர்கள் அதிகம் போகும் தேக்கா நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மாடியில் துணிக்கடைகள் அடைப்பு; கீழே மீனும் காய்கறியும் கறிவேப்பிலையும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

சந்தையிலும் கூட்டம் சேர்ந்தது. கேலாங் சிராய், சோங் பாங் உட்பட நான்கு சந்தைகளுக்கு ஏப்ரல் 22 முதல் ஒரு விதி வந்தது. அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஒற்றைப்படைத் தேதியிலும், இரட்டைப்படையானால் இரட்டைப்படைத் தேதியிலும் மட்டும் வரலாம். சந்தையை மூடாமலே கூட்டத்தைப் பாதியாக்கிய யோசனை இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

முடிவெட்டும் கடைக் கதை வேடிக்கையானது. முதலில் சாதாரண முடிவெட்டுக்கு அனுமதி இருந்தது. ஏப்ரல் 22ஆம் தேதி அதையும் நிறுத்தினார்கள். ஆண்பிள்ளைகள் தலை புதர் மண்டியது. மனைவிமார் கத்தரிக்கோல் எடுத்ததில் சில தலைகள் பார்க்கச் சகிக்கவில்லை. மே 12ஆம் தேதி மறுபடியும் திறந்தார்கள். வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்பவர்களுக்கும், சலவைக் கடைகளுக்கும் அன்றுதான் வழி பிறந்தது. முடி வெட்டாவிட்டால் யாரும் செத்துப்போவதில்லை என்று சொல்லலாம். ஆனால் முடிவெட்டுபவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும் அல்லவா? சிறிய தொழில்களை முதலில் திறந்தது சரியான முடிவென்றே எனக்குத் தோன்றுகிறது.

இவையெல்லாம் தனி வீடும் கதவும் உள்ளவர்களின் கதை. கதவே பொதுவாக இருந்தவர்களின் கதை வேறு.

அப்போது சுமார் 3,23,000 வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் வசித்தார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்து கட்டடம் கட்டுகிறவர்களும் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறவர்களும் அவர்களில் நிறையப் பேர். ஓர் அறையில் 12 முதல் 20 பேர், ஈரடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பிடம். இப்படிப்பட்ட இடத்தில் நோய் நுழைந்தால் ஆபத்து என்று ஊழியர் நலனுக்காகப் பாடுபடும் டிரான்சியண்ட் ஒர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற அமைப்பு மார்ச் மாதமே நாளிதழுக்குக் கடிதம் எழுதி எச்சரித்தது. ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமை போய்வரும் முஸ்தபா கடையில் தொற்று கண்டு, ஏப்ரல் தொடக்கத்தில் அதை மூடினார்கள். அதற்குள் நோய் விடுதிகளுக்குள் போய்விட்டது.

ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலில் ஒன்றும் தோ குவானில் ஒன்றுமாக இரண்டு பெரிய விடுதிகள் தனிமைப்படுத்தப்பட்டன. ஏறத்தாழ 20,000 பேர் 14 நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. ஏப்ரல் 20ஆம் தேதி ஒரே நாளில் நாட்டில் 1,426 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகள்.

நம் முன்னோர் கப்பலில் வந்தபோது பினாங்குப் பக்கம் ஜெரஜாக் தீவிலும், சிங்கப்பூர்ப் பக்கம் செயின்ட் ஜான்ஸ் தீவிலும் அவர்களை நிறுத்திவைத்துப் பரிசோதித்தார்கள். 1873இல் காலரா பரவியதன் பின்னால் வந்த ஏற்பாடு அது. தொழிலாளியை மொத்தமாக அடைத்துவைப்பது புதிய வழக்கமன்று.

ஆனால் இம்முறை உள்ளே என்ன அனுப்பினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். முதல் நாட்களில் சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை, கழிப்பிடம் நிரம்பி வழிகிறது என்ற குறைகள் செய்தித்தாள்களில் வெளியாயின. பிறகு நிலைமை மாறியது. விடுதிகளுக்கு அதிகாரிகளும் மருத்துவர்களும் அனுப்பப்பட்டார்கள். மூன்று வேளை உணவும் இணைய வசதியும் கொடுக்கப்பட்டன. சம்பளமும் கிடைக்கும், வீட்டுக்குப் பணமும் அனுப்பலாம் என்று பிரதமர் லீ சியன் லூங் ஏப்ரல் 10ஆம் தேதி பேசியபோது உறுதி கூறினார். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் வரிசையில் நின்று பணம் அனுப்பியவர்கள் கைத்தொலைபேசி வழியே அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பணம் நின்றிருந்தால், கடலுக்கு அப்பால் எத்தனையோ வீடுகளில் உலை வைத்திருக்க முடியாது.

டிசம்பர் மாதம் சுகாதார அமைச்சும் மனிதவள அமைச்சும் கணக்குச் சொன்னபோது, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினரை, அதாவது ஏறக்குறைய பாதிப் பேரை, நோய் தொட்டிருந்தது. நாடு முழுவதும் அந்த ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் 29 பேர். பெரும்பாலோர் இளவயதினர் என்பதும் மருத்துவம் கிடைத்தது என்பதும் அவர்களைக் காப்பாற்றின. ஆனால் 12 பேர் படுக்கும் அறையைப் பூட்டுவதால் அறைக்குள்ளே பரவுவதைத் தடுக்க முடியாது என்பதை அந்த 47 என்ற எண் காட்டிவிட்டது. 2021இல் புதிய விதி வந்தது: இனிக் கட்டும் விடுதிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆறு பேருக்கு ஒரு கழிப்பறை, குளியலறை வேண்டும்.

நோய் தணிந்த பின்னும் ஒன்று தணியவில்லை. வெளியில் இருந்தவர்கள் 2020 ஜூன் 19 முதல் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விடுதிக்காரர்களோ வேலைக்குப் போகலாம், விடுதிக்குத் திரும்பலாம், பெரும்பாலும் அவ்வளவுதான். ஊருக்குள் போக அனுமதியில்லை. 2021 செப்டம்பரில், தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேரைத் தேக்காவுக்கும் கேலாங் சிராய்க்கும் அனுப்பிச் சோதித்துப் பார்த்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த வேகத்தில் மூன்று லட்சம் பேருக்கும் ஒரு முறை வாய்ப்புக் கிடைக்கப் பதினோரு ஆண்டுகளுக்கு மேலாகும். சோதனைதான், பிறகு எண்ணிக்கையைக் கூட்டினார்கள். ஆனாலும் கோவிலுக்குப் போய் ஒரு கற்பூரம் கொளுத்தி, நண்பரோடு ஒரு டீ குடிப்பதற்கு ஒன்றரை ஆண்டுக்குமேல் காத்திருந்தவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கா? அரிசியைப் போல அதுவும் ஒரு தேவை என்பதை அதிகாரிகள் தாமதமாகத்தான் உணர்ந்தார்கள் என்பது என் கருத்து.

2022 ஜூன் 24 முதல் வெளியே போக அனுமதிச் சீட்டுத் தேவையில்லை என்றானது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலும் பொது விடுமுறையிலும் தேக்கா, சைனாடவுன், கேலாங் சிராய், ஜூரோங் ஈஸ்ட் ஆகிய நான்கு இடங்களுக்கு மட்டும் சீட்டு எடுக்க வேண்டியிருந்தது. நாளைக்கு 80,000 சீட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அதே சிராங்கூன் சாலையில் நடந்துபோன மற்றவர்கள் யாருக்கும் சீட்டுத் தேவைப்படவில்லை.